நான்கு ரோலும் பாழ்: கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு சாரத்தை மட்டும் தருகிறோம்.

டிஜிட்டல் கேமராவில் நல்ல பழக்கம் உள்ளவர். 120 பிலிமில் (காகிதத்தோடு சுற்றிய அகலமான ரோல்; இந்தக் கேமராவில் 12 சதுரப் படம் விழும்) எடுக்க வேண்டும் என்ற ஆசையில், ஸ்டூடியோவை மூடிவிட்ட பெரியவர் ஒருவரிடம் யாஷிகா மேட் 124ஜி என்ற பழைய இரட்டை லென்ஸ் கேமராவை வாங்கினார். அதன்பின் எடுத்த நான்கு ரோல்களும் நான்கு விதமாகக் கெட்டன.

முதல் ரோல், எச்பி5 பிளஸ் என்ற கருப்பு வெள்ளைப் பிலிம், திருமலை நாயக்கர் மகாலில் எடுத்தது. லேபில் கழுவி வந்தபோது 12 படத்தில் ஒன்றுகூட இல்லை. "எக்ஸ்போஸே ஆகலைம்மா, ஷட்டர் போயிருக்கும்" என்றார் லேப்காரர். ரோலை மாட்டும்போது அம்புக்குறி கண்ணில் படவே இல்லை என்றும், குத்துமதிப்பாகச் சுற்றி மூடியதாகவும் வாசகி எழுதுகிறார். இரண்டாவது ரோலில் படங்கள் வந்தன, ஆனால் இரண்டு ஓரங்களிலிருந்தும் புகை மாதிரி ஒளி ஏறியிருந்தது. கடைசி மூன்று நான்கு படங்களில் அது அதிகம். மூன்றாவது ரோலைச் செலவு மிச்சம் என்று வீட்டிலேயே கழுவினார். எல்லாப் படத்திலும் வலது பக்கம் மங்கல், அதே பக்கம் பிலிமில் பால் நிறத்தில் ஒரு பட்டை. "லென்ஸில் பூஞ்சை" என்றார் நண்பர். நான்காவது ரோல், பாட்டியை வீட்டு முற்றத்தில் எடுத்தது. உச்சந்தலை வெட்டுப்பட்டிருக்கிறது, காது பளிச்சென்றும் கண் மங்கலாகவும் இருக்கிறது, நெகட்டிவே அடர்த்தியில்லாமல் மெலிந்து கிடக்கிறது.

அவருடைய கேள்விகள்: விற்றவர் ஏமாற்றிவிட்டாரா, பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? லேப் மீது நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாமா? அடுத்த மாதம் பெரியப்பா மகனின் திருமணத்தை இதே கேமராவில் எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாய் முன்பணமும் வாங்கியாயிற்று; என்ன செய்வது? கேமராவோடு அந்தப் பெரியவர் இலவசமாகக் கொடுத்த பழைய 'இந்து' பிராண்டு பிலிம் ரோல் ஒன்றைத் திருமணத்துக்குப் பயன்படுத்தலாமா?

பதில்

முதலில் உங்கள் மனதில் இருக்கும் பெரிய சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் எழுதிய விவரங்களையும் அனுப்பிய படங்களையும் வைத்துப் பார்த்தால், நான்கு ரோல்களில் ஒன்றுகூடக் கேமரா கெட்டது என்று சொல்லவில்லை. விற்றவரைக் குறை சொல்ல இதுவரை எந்த ஆதாரமும் இல்லை. லேபும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. "ஷட்டர் போயிருக்கும்" என்ற ஊகம் மட்டும்தான் தவறு. ஊகம் சொன்னதற்காக யார் மீதும் புகார் செய்ய முடியாது.

இதை எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது என்றால், நீங்கள் ஸ்கேன்களோடு சேர்த்து நெகட்டிவ் பட்டைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஓரம் வரை தெரியப் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். லேப் கொடுக்கும் ஸ்கேனில் ஓரம் கத்தரிக்கப்பட்டுவிடும். தவறு எங்கே நடந்தது என்ற செய்தி பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. இனி லேபில் கொடுக்கும்போது "நெகட்டிவை வெட்டாமல் சுருளாகவே கொடுங்கள்" என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

வெறுமையாக வந்த முதல் ரோல்

உங்கள் முதல் நெகட்டிவின் ஓரத்தில் பிலிமின் பெயரும் எண்களும் நல்ல கருப்பாக, தெளிவாக இருக்கின்றன. அந்த எழுத்துகளைத் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்துவிடுகிறார்கள். டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) விழுந்தால்தான் அவை தெரியவரும். எழுத்து வந்து படம் வரவில்லை என்றால் கழுவியது சரி, பிலிமுக்கு ஒளி போய்ச் சேரவில்லை. எழுத்தும் இல்லாமல் வெறுமையாக வந்திருந்தால் டெவலப்பர் செத்துப்போயிருக்க வேண்டும், அல்லது ஃபிக்சரை (படத்தை நிலைக்கச் செய்யும் மருந்து) முதலில் ஊற்றியிருக்க வேண்டும். முழுக்கக் கருப்பாக வந்திருந்தால் வெளிச்சம் புகுந்துவிட்டது என்று பொருள். எந்த ரோல் கெட்டாலும் முதலில் இந்த ஒன்றைப் பாருங்கள்.

சரி, ஒளி ஏன் போகவில்லை? ஷட்டர் திறக்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதே கேமராவில் அடுத்த மூன்று ரோல்களிலும் படம் விழுந்திருக்கிறதே! காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அம்புக்குறி கண்ணில் படவில்லை என்கிறீர்கள்.

120 ரோலில் பிலிம் தனியாக இருக்காது, அதைவிட நீளமான காகிதத்தோடு சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கும். காகிதத்தின் வெளிப்பக்கத்தில் அச்சும் எண்களும் அம்புக்குறியும் இருக்கும், உள்பக்கம் கருப்பு. பிலிம் அந்தக் கருப்புப் பக்கத்தோடு ஒட்டியிருக்கிறது. எனவே கருப்புப் பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும், அச்சுப் பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். ஸ்பூலை (ரோல் சுற்றியிருக்கும் உருளை) தலைகீழாகப் போட்டால் இது அப்படியே மாறிவிடும்: அம்புக்குறி லென்ஸ் பக்கம் திரும்பி மறைந்துவிடும், பிலிம் காகிதத்துக்குப் பின்னால் போய்விடும். நீங்கள் மகாலில் எடுத்த 12 படங்களும் காகிதத்தின் மேல் விழுந்தன.

யாஷிகா மேட்டில் புது ரோல் கீழ் அறையில், காலி ஸ்பூல் மேல் அறையில். காகிதத்தை மேலே இழுக்கும்போது கருப்புப் பக்கம் லென்ஸை நோக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நுனியை ஸ்பூலின் பிளவில் நடுவாகச் செருகுங்கள். காகிதத்தின் அம்புக்குறி கேமராவின் தொடக்கக் குறிக்கு நேராக வரும்வரை சுற்றுங்கள். அதன்பிறகே கதவை மூட வேண்டும். பிறகு கிராங்க் (பிலிமைச் சுற்றும் கைப்பிடி) தானாக நிற்கும்வரை சுற்றினால் முதல் படம் தயார். கதவை மூடும்முன் உள்ளே பிலிமைத் தட்டையாக அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் 120-க்கு உரிய நிலையில், அதாவது 12 படத்துக்கான இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கேமரா 24 படம் தரும் 220 ரோலும் ஏற்கும் என்பதால் பிளேட்டுக்கு இரண்டு நிலைகள் உண்டு. பழைய கேமராக்களில் அது மாறிக் கிடப்பது சகஜம்.

உங்கள் மன நிம்மதிக்காக ஷட்டரையும் சோதித்துவிடுங்கள். பிலிம் இல்லாமல் கதவைத் திறந்து, ஒரு வெள்ளைத்தாளை நோக்கிக் கேமராவைப் பிடித்து, பின்பக்கமிருந்து லென்ஸைப் பார்த்தபடி 1 விநாடியில் ஆரம்பித்து ஒவ்வொரு வேகமாக அழுத்துங்கள். ஒவ்வொரு படியிலும் பாதிப் பாதியாகக் குறைவது கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். 1 விநாடி, அரை விநாடியில் இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கிறது, சர்வீஸ் தேவை. இப்படி லென்ஸுக்குள் இருக்கும் பழைய லீஃப் ஷட்டரில் செல்ஃப் டைமரைத் தொடாதீர்கள். பல வருடம் ஓடாத டைமர் பாதியில் சிக்கினால் ஷட்டரும் சேர்ந்து நின்றுவிடும்.

ஓரம் புகைந்த இரண்டாவது ரோல்

இதற்குக் கதவின் விளிம்பில் ஒளியைத் தடுக்கும் பஞ்சுதான் காரணம் என்று நினைத்து, கேமராவைச் சுற்றிக் கருப்பு டேப் ஒட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். டேப்பைக் கழற்றிவிடலாம்.

கேமராவுக்குள் முன்பக்கமிருந்து, அதாவது லென்ஸ் பக்கமிருந்து, ஒளி கசிந்தால் புகை படத்தின் சட்டத்துக்குள்ளேயே நிற்கும், ஓரத்துக்கு வராது. கதவுப் பஞ்சு வழியாகக் கசிந்தால் ஓரத்திலும் பரவும், ஆனால் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். உங்களுடையது இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்ளே ஏறி, ஒழுங்கில்லாமல், கடைசிப் படங்களில் உச்சமாக இருக்கிறது. எடுத்து முடித்த ரோலில் வெளிச்சுற்றில் இருப்பது கடைசிப் படங்கள். ஆகவே ரோல் கேமராவிலிருந்து வெளியே வந்தபிறகு, ஸ்பூலின் இரு பக்கத் தட்டுகளை ஒட்டி வெளிச்சம் நுழைந்திருக்கிறது. இதுவே முதல் படங்களில் அதிகமாக இருந்திருந்தால் மாட்டும்போது நடந்தது என்று சொல்லியிருப்பேன்.

காரணம், ரோல் தளர்வாகச் சுற்றியிருக்கிறது. ஸ்பூலின் தட்டுக்கு மேலே காகிதம் பிதுங்கிக்கொண்டிருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். போதாக்குறைக்கு அதை வெயிலில் நின்று கழற்றியிருக்கிறீர்கள்.

மாட்டும்போது கீழே இருக்கும் புது ரோலின் மேல் கட்டைவிரலை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு கிராங்கைச் சுற்றுங்கள். அம்புக்குறி வரும்வரை விரலை எடுக்காதீர்கள். முதல் இரண்டு சுற்று இறுக்கமாக விழுந்தால் மீதி தானாக இறுகும். காகித நுனி பிளவில் ஒருபக்கமாகச் செருகினால் சுருள் சாய்ந்து ஒரு தட்டில் மோதும், அங்கேதான் பிதுங்கல் ஆரம்பிக்கிறது. இவ்வளவு செய்தும் தளர்ந்தால் கீழ் அறையில் ஸ்பூலை அழுத்திப் பிடிக்கும் தகட்டு ஸ்பிரிங் வலுவிழந்திருக்கும். கேமரா மெக்கானிக்குக் கால்மணி நேர வேலை அது.

கழற்றும்போது 12-வது படத்துக்குப் பிறகு கிராங்க் இலகுவாகும்வரை முழுவதும் சுற்றுங்கள். நிழலுக்கு வாருங்கள். நிழல் கிடைக்காவிட்டால் உங்கள் முதுகை வெயிலுக்குக் காட்டி உடல் நிழலிலாவது செய்யுங்கள். கதவைத் திறந்ததும் காகிதம் அவிழாமல் விரலால் பிடித்து, நுனியை உள்பக்கம் மடித்து, கூடவே வரும் ஒட்டுப்பட்டையை நனைத்து ஒட்டிவிட்டு, உடனே கருப்பு உறையிலோ வெளிச்சம் புகாத டப்பாவிலோ போடுங்கள். தளர்ந்த ரோலை முறுக்கி இறுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதைச் செய்யாதீர்கள், சுற்றுக்குச் சுற்று உராய்ந்து பிலிம் முழுக்கக் கோடு விழும்.

மூன்றாவது ரோல்: 300 மி.லி. செய்த வேலை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நீங்கள் அதிகம் மனம் நொந்திருக்கிறீர்கள். இதில் பாதியை இன்னும் மீட்கவும் முடியும்.

லென்ஸில் பூஞ்சை இருந்தால் படத்தின் மொத்தக் கான்ட்ராஸ்ட்டும் குறையும், வெளிச்சத்தைச் சுற்றி மூட்டம் படரும். படத்தின் ஒரு பக்கம் மட்டும், அதுவும் 12 படத்திலும் ஒரே அளவுக்கு, படத்துக்கும் படத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியிலும் தொடர்ச்சியாகப் பூஞ்சை பட்டை போடாது. அந்தப் பட்டை பிலிமின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. கோளாறு பிலிமைக் கழுவும் டேங்கில்தான்.

நீங்கள் 35 மி.மீ. பிலிமுக்கான குறிப்பைப் பார்த்து 300 மி.லி. டெவலப்பர் ஊற்றியிருக்கிறீர்கள். பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி. போதும், ஒரு 120 ரோலுக்கு 500 மி.லி. வேண்டும். டேங்கின் அடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். டேங்குக்குள் பிலிமைச் சுற்றிவைக்கும் ரீலில் பிலிம் நிமிர்ந்து நிற்கிறது, அகலம் 6 செ.மீ.க்குச் சற்று அதிகம். 300 மி.லி. அதன் பாதியளவுதான் ஏறும். கீழ்ப்பாதி முழு நேரமும் முங்கியிருந்தது. மேல்பாதிக்கு நீங்கள் டேங்கைக் கவிழ்த்த நேரத்தில் மட்டும் மருந்து பட்டது. யாஷிகா மேட்டில் பிலிம் மேலும் கீழுமாக ஓடுவதால் பிலிமின் நீள ஓரம் படத்தில் வலது அல்லது இடது பக்கமாக வரும். உங்களுக்கு வலது பக்கமாக வந்துவிட்டது.

பால் நிறப் பட்டை ஃபிக்சரும் 300 மி.லி. ஊற்றியதன் விளைவு. அங்கே கரைய வேண்டிய வெள்ளி உப்பு கரையாமல் நிற்கிறது. இதை வெளிச்சத்திலேயே சரிசெய்யலாம். நெகட்டிவை மறுபடி ரீலில் ஏற்றி, புதிதாகக் கலந்த ஃபிக்சர் 500 மி.லி.யில் ஐந்து நிமிடம் அசைத்து வையுங்கள். பால் நிறம் போய்த் தெளிந்துவிடும். பிறகு நன்றாக அலசுங்கள். மங்கலான பக்கம் மங்கலாகவே இருக்கும், டெவலப்பர் படாததை இனி திரும்பப் பெற முடியாது. ஆனால் நெகட்டிவ் காலப்போக்கில் கறுத்துக் கெடாமல் நிற்கும், சதுரத்தைக் குறுக்கிப் பிரிண்ட் போடலாம். இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அடுத்த முறைக்கு அளவை யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். காலி ரீலை 120 அகலத்துக்குத் திருப்பிப் பூட்டி, நடுத்தண்டோடு டேங்கில் வைத்து, ரீலின் மேல் விளிம்பு முங்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள், அதுதான் உங்கள் டேங்கின் அளவு. ரீல் தண்டின் அடியில் நிற்கிறதா, மேலே நழுவாமல் கிளிப் பிடிக்கிறதா என்பதும் முக்கியம். ரீல் மேலே ஏறினாலும் இதே பட்டை வரும். அந்த நடுத்தண்டை வெறும் தாங்கி என்று நினைத்துச் சிலர் விட்டுவிடுவதுண்டு. மூடி வழியே வரும் வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான். தண்டு இல்லாமல் மூடினால் ரோல் முழுக்கக் கருப்பு.

இன்னொன்று சூடு. குழாய்த் தண்ணீரில் கலந்தீர்கள், 30 டிகிரி இருந்தது, குறிப்பில் இருந்தபடி 11 நிமிடம் கழுவினீர்கள். எச்பி5 பிளஸுக்கு டி-76 என்ற டெவலப்பர் 1+1 கலவையில் (ஒரு பங்கு மருந்து, ஒரு பங்கு தண்ணீர்) 11 நிமிடம் என்பது 20 டிகிரிக்கான கணக்கு. முங்கியிருந்த கீழ்ப்பாதி அவ்வளவு அடர்த்தியாக, வெள்ளை வேட்டிகள் எல்லாம் விவரமில்லாமல் வெளுத்து வந்ததற்கு அதுதான் காரணம். மதுரையில் 20 டிகிரிக்கு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 24 டிகிரிக்கு இறக்கினால் போதும். நேரத்தை சுமார் 7¾ நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டிகளை ஜிப் கவரில் போட்டு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மருந்துப் பாட்டில்களையும் அலசும் தண்ணீரையும் அதே வாளியில் நிறுத்தி வையுங்கள். ஐஸை மருந்துக்குள் போடாதீர்கள், கலவை நீர்த்துவிடும். டெவலப்பருக்கும் ஃபிக்சருக்கும் அலசும் தண்ணீருக்கும் இடையே சூட்டில் பெரிய வித்தியாசம் வேண்டாம்.

நம் ஊர்ச் சூட்டில் 1+1 கலவைதான் நல்லது என்பது என் அழுத்தமான கருத்து. கலக்காத மருந்தில் நேரம் மிகவும் குறைந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றவும் வடிக்கவும் ஆகும் நேரமே பெரிய பங்காகி, வானத்தில் திட்டுத் திட்டாக விழும். 250 மி.லி. மருந்து, 250 மி.லி. தண்ணீர், ஒரு ரோல் கழுவியதும் கொட்டிவிடுங்கள். முதல் பத்து விநாடியில் நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். டேங்கின் அடியைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழி விடும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதேபோல நான்கு முறை.

ரீலில் ஏற்றுவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, வெளிச்சம் புகாத துணிப்பைக்குள் கை வியர்த்து பிலிம் ஒட்டிக்கொண்டது என்கிறீர்கள். சேஞ்சிங் பேக் என்னும் அந்தப் பை நம் வெயிலுக்கு ஏற்றதில்லை. இரவில், ஜன்னலை அடைத்த குளியலறையில், மின்விசிறிக் காற்றில் காய்ந்த ரீலோடு செய்யுங்கள். ரீலில் துளி ஈரம் இருந்தாலும் பிலிம் நகராது. இருட்டில் ரோலைப் பிரிக்கும்போது முதலில் வெறும் காகிதம் வரும், பிறகு பிலிமின் ஒட்டாத முனை எட்டிப் பார்க்கும். அந்த முனையை அவசரப்பட்டு ரீலில் செருகாமல், பிலிமைத் தனிச் சுருளாகவிட்டு, காகிதத்தை மட்டும் பிரித்துக்கொண்டே போங்கள். கடைசியில் பிலிமைக் காகிதத்தோடு பிடித்திருக்கும் டேப் வரும். அதை மெதுவாக உரித்து பிலிமின் மேலேயே மடித்து ஒட்டிவிட்டால் முனை விறைப்பாகி ரீலுக்குள் சுலபமாக நுழையும். வெடுக்கென்று இழுத்தால் டேப் பிரியும் இடத்தில் சிறு மின்னல் தெரியும், அதுவும் பிலிமில் பதியலாம். 120 பிலிம் அகலமானது, மெல்லியது. அழுத்தி வளைத்தால் பிறை வடிவத்தில் தடம் விழும். உங்கள் ஏழாவது படத்தின் வானத்தில் இருப்பது அந்தத் தடம்தான், மேகமில்லை.

இந்தப் பயிற்சிக்கு ஒரு ரோலைப் பலி கொடுத்துவிடுங்கள். கெட்டுப்போன முதல் ரோலின் பிலிமும் கையில் இருக்கிறது. வெளிச்சத்தில் ஏற்றிப் பழகி, பிறகு கண்ணை மூடி, பிறகு இருட்டில்.

பாட்டியின் படம்

நான்காவது ரோலில் மூன்று தனித்தனிக் காரணங்கள்.

தலை வெட்டுப்பட்டது: நீங்கள் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக, படம் எடுப்பது கீழ் லென்ஸ். தூரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு மீட்டரில், கீழ் லென்ஸ் நீங்கள் பார்த்ததைவிடச் சில சென்டிமீட்டர் தாழ்வாகவே பார்க்கும். ஸ்டாண்டில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, இரண்டு லென்ஸின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்குக் கேமராவை அப்படியே உயர்த்தி அழுத்துங்கள். கையில் பிடித்தால் தலைக்கு மேல் தாராளமாக இடம் விடுங்கள்.

காது தெளிவு, கண் மங்கல்: 80 மி.மீ. லென்ஸில் எஃப்/3.5 (லென்ஸ் துவாரத்தின் முழுத் திறப்பு), ஒரு மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 5 செ.மீ.தான். பாட்டி லேசாகச் சாய்ந்தால் போதும், கண் வெளியே போய்விடும். எஃப்/8-க்கு மூடினால் அந்த ஆழம் 12 செ.மீ. அளவுக்கு வரும். மேல்மூடிக்குள் மடிந்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை நிமிர்த்தி, கண்ணை அதில் ஒட்டி, கருவிழி மேல் ஃபோகஸ் செய்யுங்கள். அது இல்லாமல் கிட்டத்தில் ஃபோகஸ் செய்வது ஊகம்தான்.

நெகட்டிவ் மெலிந்தது: கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்கு உருவாக்கப்பட்டது. அது இப்போது கிடைப்பதில்லை. நீங்கள் போட்டிருப்பது 1.5 வோல்ட் ஆல்கலைன். அதிக வோல்ட்டேஜில் முள் அதிகமாக ஏறி, இருப்பதைவிட வெளிச்சம் அதிகம் என்று காட்டும்; நீங்களும் நம்பி ஒளியைக் குறைத்திருக்கிறீர்கள். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், அது நெருங்கிவரும். விட்டம் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். மேல் ஸ்டிக்கரை உரித்தபின் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதைவிட எளிது, போனில் ஒரு லைட் மீட்டர் செயலி. உச்சி வெயிலில் அதுகூட வேண்டாம்: எஃப்/16, ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) எண்ணுக்கு அருகில். ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு 1/125. 400 பிலிமுக்கு 1/500. உங்கள் கேமராவின் உச்ச வேகமே அதுதான். அதனால் மதுரைப் பகலுக்கு 100 அல்லது 125 வேகப் பிலிம் வாங்குங்கள். நிழலான முற்றத்துக்கு 400 சரி.

திருமணம், முன்பணம், உரிமை

இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. முகூர்த்தம் ஒருமுறைதான். ஒரு ரோலில் 12 படம், ரோல் மாற்ற ஓரிரு நிமிடம். தாலி கட்டும் நேரத்தில் நீங்கள் அம்புக்குறியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஃபிளாஷ் இல்லாத மண்டப வெளிச்சத்தில் 400 பிலிமுக்கு எஃப்/3.5-இல் 1/30 அளவுக்கு இறங்க வேண்டிவரும். கையில் பிடித்தால் ஆடும். இன்னும் ஒரு ரோலைக்கூட முழுசாகத் தேற்றாத நிலையில் இதை மட்டும் நம்பி ஒப்புக்கொள்வது நியாயமில்லை, உங்களுக்கும் அவர்களுக்கும்.

லேப் மீது புகார் செய்யலாமா என்று கேட்டீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கட்டணம் வாங்கிச் செய்த சேவையில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். உங்கள் விஷயத்தில் லேபிடம் குறை இல்லை. அதே சட்டத்தை இன்னொரு பக்கமிருந்து பாருங்கள்: 5,000 ரூபாய் வாங்கிய நிமிடத்திலிருந்து சேவை தருபவர் நீங்கள். இலவசமாகச் செய்வது அந்தச் சட்டத்தின் கீழ் சேவையாகாது. பெரியப்பா வீட்டில் யாரும் வழக்குப் போடமாட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் உறவில் விழும் கீறலுக்கு ஆணையம் தேவைப்படாதே.

என் யோசனை இது. முன்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். முக்கியப் படங்களுக்கு டிஜிட்டல் போட்டோகிராபர் ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், அதற்கு இன்னும் நேரமிருக்கிறது. "நான் என் திருப்திக்கு இரண்டு ரோல் எடுக்கிறேன், வந்தால் பரிசு, வராவிட்டால் மன்னியுங்கள்" என்று அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதியும் விடுங்கள். பிறகு முகூர்த்தம் முடிந்து, மண்டப வாசலின் திறந்த நிழலில், கேமராவை ஸ்டாண்டில் வைத்து மணமக்களை நிதானமாக எடுங்கள்: 400 பிலிம், எஃப்/8, இரண்டு மீட்டர் தூரம். அந்தச் சதுரப் படங்களுக்கு ஈடாக வேறெதுவும் அந்த ஆல்பத்தில் இருக்காது. அதற்குமுன் ஒரே ஒரு ரோலை, மாட்டுவது முதல் கழுவுவது வரை, நீங்களே செய்து 12 படமும் எடுத்துவிட வேண்டும். அது தேறாவிட்டால் திருமண ரோலை லேபிலேயே கொடுங்கள்.

35 மி.மீ.க்குப் போய்விடவா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கழுவுவதில் நடந்த பிழைகள் அங்கேயும் நடக்கும். மாட்டுவதில் நடந்தவை இனி உங்களுக்கு நடக்காது.

கடைசியாக அந்த 'இந்து' ரோல். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு அது. உற்பத்தி நின்று பல காலமாகிவிட்டது, ரோலுக்குப் பல பத்தாண்டு வயதிருக்கும். பழைய பிலிமில் மூட்டம் ஏறியிருக்கும். சூட்டிலும் ஈரப்பதத்திலும் கிடந்திருந்தால் காகிதத்தின் எண்களும் படத்தின் மேல் தடமாக விழும். திருமணத்துக்கு நிச்சயம் வேண்டாம். எடுத்தே பார்க்க வேண்டும் என்றால் நல்ல வெயிலில், உறையில் போட்டிருக்கும் வேகத்துக்குத் தேவையானதைவிட இரண்டு ஸ்டாப் அதிக ஒளி (அதாவது நான்கு மடங்கு ஒளி) கொடுத்து, போனாலும் பரவாயில்லை என்கிற காட்சிகளை எடுங்கள். கேமராவைக் கொடுத்த பெரியவரையே உட்காரவைத்து எடுப்பதானால், அதே இடத்தில் புது ரோலிலும் சில படங்கள் எடுத்துவிடுங்கள்.